அடைவுத் துண்டு எந்த லாச்சியில்?

கேள்வி: அண்ணா, நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டிலேயே தையல் செய்கிறேன், முன் விறாந்தைதான் என் கடை. இவர் ரவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இரண்டு, மாமியும் எங்களோடு இருக்கிறா. இவருடைய தமையன் கனடாவிலிருந்து மாமியின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறார். இவ்வளவும் இருந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. போன மாதம் கரண்ட் பில்லை நானும் கட்டி, அது தெரியாமல் இவரும் போனில் கட்டிவிட்டார். என்னுடைய இரண்டரைப் பவுண் சங்கிலியை வங்கியில் 3 லட்சத்துக்கு அடைவு வைத்த துண்டைக் காணவில்லை, தவணை எப்போது என்றும் நினைவில்லை. ஒரு அக்கா 2000 ரூபா அட்வான்ஸ் தந்தேன் என்கிறா, எனக்கு ஞாபகமே இல்லை. இவர் ஒரு லப்டொப் வாங்கினால் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதியலாம் என்கிறார், 1 லட்சத்து 80 ஆயிரம், தவணைக்குத் தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: லப்டொப் வேண்டாம் தங்கச்சி. இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அதற்கு முதல் அவசரமான காரியம் அந்தச் சங்கிலி.

துண்டு தொலைந்தால் நகையே போய்விட்டது என்று பயப்படாதீர்கள். யாருடைய பெயரில் அடைவு வைத்ததோ அவர் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அதே கிளைக்கு நேரில் போகவேண்டும். பெயரை வைத்து அவர்களே விபரத்தை எடுத்துவிடுவார்கள். மறுபிரதிக்குப் பெரும்பாலும் பொலிஸில் ஒரு முறைப்பாடு போட்டு அதன் பிரதியைக் கொண்டுவரச் சொல்வார்கள், ஒரு கடிதத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு நாள் அலைச்சல்தான். போனதும் கேட்கவேண்டியது இரண்டு: தவணைத் திகதி எது, இன்றுவரை வட்டி எவ்வளவு. வங்கிகளில் பெரும்பாலும் ஒரு வருடத் தவணை, அது முடிந்தும் நாம் அசையாவிட்டால் அறிவித்தல் வரும், அதையும் கவனிக்காமல் விட்டால் ஏலத்துக்குப் போகும். முழுக்காசு கையில் இல்லையென்றாலும் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கலாம். வட்டி வருடத்துக்கு 14 வீதம் என்று வைத்துக்கொண்டால் (உங்கள் வீதம் என்னவென்று அங்கேயே கேளுங்கள்) 3 லட்சத்துக்கு மாதம் 3500 ரூபா ஓடுகிறது. நூல், கொக்கி, உள் துணி எல்லாம் கழித்து 3500 ரூபா மிஞ்ச எத்தனை பிளவுஸ் தைக்கவேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

கரண்ட் பில் சின்ன விஷயம். இரண்டு தரம் கட்டிய காசு எங்கேயும் போகாது, உங்கள் கணக்கில் மேலதிகமாக நின்று அடுத்த பில்லில் கழியும், பில்லில் முன்மீதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இனிமேல் அந்தப் பில் ஒரு ஆளுடைய வேலை. அவரோ நீங்களோ, ஒருவர்தான். கட்டிய உடனே பில்லின் மேல் பேனையால் 'கட்டியாச்சு' என்று எழுதித் திகதியும் போட்டுவிடுங்கள்.

இனி துண்டுகளின் கதை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, நாங்களும் எல்லோரையும்போல வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவே விடிந்துவிட்டது, அந்த நெரிசலிலும் அம்மா ஒரு கறுப்பு ரெக்சின் பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. காணி உறுதி, எல்லோருடைய பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், அப்பாவின் வேலைக் கடிதம், எங்களுடைய சோதனைச் சான்றிதழ்கள், ஒரு துணியில் சுற்றிய தாலிக்கொடி. எங்கள் முழு வீடும் அதற்குள்தான் இருந்தது என்று சொல்லலாம். யாரிடம் போய்க் கேட்டாலும் இங்கே இப்படி ஒரு பையின் கதை இருக்கும். இப்போது அதே வீடுகளில் அலுமாரி மூன்று, லாச்சி ஏழு, சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு கட்டு, ஃபிரிட்ஜின் மேல் ஒரு கட்டு, ஒரு துண்டு தேவையென்றால் அரை நாள் தேடவேண்டியிருக்கிறது. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், போன வருடம் மோட்டார் சைக்கிளின் இன்சூரன்ஸ் முடிந்து ஐந்து வாரம் அதிலேயே ஓடித் திரிந்திருக்கிறேன், ஊருக்குக் கணக்குச் சொல்கிற நான்!

ஆகவே அந்தப் பையைத் திரும்ப எடுங்கள். ஸிப் உள்ள ஒரு பை போதும், உள்ளே பிளாஸ்டிக் உறைகள் போட்ட ஒரு ஃபைல். உறுதி, பிறப்பு மற்றும் விவாகப் பத்திரங்கள், வங்கிப் புத்தகங்கள், நிலையான வைப்புச் சான்றிதழ், அடைவுத் துண்டு, காப்புறுதி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, அவருடைய வேலைக் கடிதம். உறுதியை மட்டும் லமினேட் பண்ணிவிடாதீர்கள், கறையானுக்குப் பயந்து நல்லெண்ணத்தில் பண்ணிவிட்டு நொத்தாரிசிடமும் கந்தோர்களிலும் அந்தரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பொலித்தீன் உறையில் போட்டு, மாரி ஈரம் ஏறாத இடத்தில், நிலத்திலிருந்து உயர வைத்தால் போதும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் தனியே எழுதி வையுங்கள், உறுதி எங்கேயாவது போனாலும் அந்த மூன்றையும் கொண்டுபோய்க் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைப்பதும் நல்லது, ஆனால் குடும்ப வாட்சப் குறூப்பில் போட்டு வைக்காதீர்கள். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம் மாமியிடம் ஒரு கேள்வி கேளுங்கள், பழைய வங்கிப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று. இடப்பெயர்வுகளில் கைவிட்ட கணக்குகள் யாழ்ப்பாணத்தில் கனபேருக்கு உண்டு. பத்து வருடம் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கை வங்கிகள் கைவிடப்பட்டதாகக் கருதி மத்திய வங்கிக்கு மாற்றிவிடும். அதற்காகக் காசு அழிந்துவிடாது, உரியவர் அந்த வங்கி மூலமாகவே திரும்பக் கேட்கலாம். தொகை சின்னதாகவும் இருக்கலாம், ஆனால் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

உங்கள் காசு மாதக் கடைசியில் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. நான் ஊகித்துச் சொல்கிறேன், பிழையென்றால் எழுதுங்கள். பிளவுஸ் எடுக்க வந்தவர் தந்த காசை மெஷின் லாச்சிக்குள் போடுகிறீர்கள், மீன்காரர் மணி அடித்ததும் அதே லாச்சியிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறீர்கள், பிள்ளையின் ரியூசன் காசும் அதிலிருந்துதான். பின்னேரம் நூல் வாங்கப் பக்கத்துத் திருநெல்வேலிக்குப் போகும்போது கடைக் காசு இல்லாமல் வீட்டுக் காசில் வாங்குகிறீர்கள். இப்படி இருந்தால் தையலில் லாபமா நட்டமா என்று எந்தக் கணக்காளர் வந்தாலும் சொல்லமாட்டார்.

ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்து அதைக் கடையாக்குங்கள். தையல் காசு முழுவதும் அதற்குள்தான், நூலும் துணியும் மெஷின் திருத்தமும் அதிலிருந்துதான். வீட்டுக்கு வேண்டியதைச் சனிக்கிழமைகளில் ஒரே தரமாக உங்களுக்கு நீங்களே சம்பளமாக எடுங்கள், முதலில் 5000 என்று வைத்துப் பாருங்கள். புதன்கிழமையே வீட்டுக் காசு முடிந்தாலும் ரின்னைத் திறக்கக்கூடாது. முதல் மூன்று கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும், மீன் வாங்காமல் பருப்போடு நிற்கிற நாளும் வரும். ஆனால் ஒரு மாதம் கழித்து ரின்னில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உங்கள் கடையின் லாபம்.

அட்வான்ஸ் விஷயத்தில் அந்த அக்கா சொல்வதை ஒத்துக்கொண்டுவிடுங்கள். எழுதி வைக்காதது உங்கள் பக்கத்துப் பிழை, 2000 ரூபாவுக்காக ஒழுங்கை முழுக்கக் கதை போகவிட வேண்டாம். நாளைக்கே கார்பன் தாள் வைத்து எழுதுகிற இலக்கமிட்ட பில் புத்தகம் ஒன்று வாங்குங்கள், புத்தகக் கடைகளில் கிடைக்கும். பெயர், என்ன தைக்கவேண்டும், கூலி, தந்த அட்வான்ஸ், கொடுக்கும் திகதி. மேல் தாள் அவர்களுக்கு, கீழ்த் தாள் புத்தகத்தில். அதே இலக்கத்தை ஒரு வெட்டுத்துணியில் எழுதித் துணியோடும் அளவுப் பிளவுஸோடும் ஊசி குத்திவிட்டால் நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் முப்பது பை குவிந்து கிடக்கும்போதும் தேடவேண்டியதில்லை. திருவிழா 25 நாள் என்றாலும் எல்லோருக்கும் கொடியேற்றத்துக்கு முதலே உடுப்பு வேண்டும், அந்த நெரிசலில் ஞாபகத்தை நம்பினால் இன்னொரு 2000 போகும்.

மாமியின் மருந்துக் காசை மாமியின் பெயரிலேயே ஒரு கணக்கில் எடுங்கள், உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆட்கள் கைமாற்றித் தருகிற வழியில்) வருகிறதென்றால் வங்கிக்கு மாற்றச் சொல்லுங்கள். பார்மசிப் பில்களை ஒரு உறையில் சேர்த்து மாதக் கடைசியில் ஒரு படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்புங்கள், அவர் கேட்காவிட்டாலும். அண்ணன் தம்பிக்குள் வருகிற காசுப் பிரச்சினையில் பாதி இப்படி அனுப்பாத படத்தால் வருவது.

உங்கள் கணவரிடமும் ஒரு விஷயம் கேளுங்கள். அவருடைய கடையில் இ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா, அங்கத்துவ இலக்கம் என்ன? சம்பளத்தில் 8 வீதம் இவரிடம் கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்டவேண்டும், அதற்கு மேல் இ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளியின் செலவு. சம்பளம் 50,000 என்றால் இ.பி.எஃப் மட்டும் மாதம் 10,000, வருடத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம். நீங்கள் வாங்க நினைக்கும் லப்டொப்பில் மூன்றில் இரண்டு பங்கு! சம்பளத்தில் கழிப்பது சம்பளத் துண்டில் தெரியும், போய்ச் சேர்ந்ததா என்பது இ.பி.எஃப் கணக்குக் கூற்றில்தான் தெரியும். இரண்டும் பைக்குள் போகவேண்டும்.

நிலையான வைப்பு ஏதாவது இருந்தால் இன்னொன்று: 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைந்தவர்கள் ரின் (TIN) என்கிற வரி இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்தால் கழிக்காமல் விடலாம். ரின் இலக்கம் இல்லையென்றால் எடுங்கள், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் எடுக்கவேண்டியதுதான்.

இவ்வளவையும் எப்போது பார்ப்பது என்று கேட்பீர்கள். ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணிக்குப் பிறகு முக்கால் மணித்தியாலம், இரண்டு பேரும். கடைகள் தருகிற மாதக் கலண்டர் ஒன்றைக் குசினியில் மாட்டி, அடைவுத் தவணை, இன்சூரன்ஸ், பள்ளிக்கூடக் காசு, சீட்டுக் காசு எல்லாத் திகதிகளையும் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். அடைவுத் தவணைக்கு மட்டும் ஒரு மாதம் முந்தியே இன்னொரு வட்டம். சீட்டுக் கட்டுகிறீர்கள் என்றால் விடச் சொல்லமாட்டேன், சொன்னாலும் யாரும் இங்கே கேட்பதில்லை, கட்டும்போதெல்லாம் ஒரு கொப்பியில் சீட்டுக்காரியின் கையெழுத்தை வாங்குங்கள். முதல் ஞாயிறு சண்டை வரும். வரட்டும்.

இனி லப்டொப். உங்களிடம் பதிய இருப்பது ஒரு கிழமைக்கு இருபது பில்லும் பத்துச் செலவும். அதற்கு 80 பக்கக் கொப்பி ஒன்று வருடம் முழுக்கப் போதும். 1 லட்சத்து 80 ஆயிரத்தைத் தவணையில் வாங்கினால் சங்கிலி வட்டியோடு இன்னொரு வட்டியும் சேரும், அதுவும் நாளுக்கு நாள் விலை இறங்குகிற சாமானுக்கு. அந்தத் தவணைக் காசை மாதாமாதம் வங்கிக்குக் கொண்டுபோய் அடைவில் கட்டுங்கள், முதலில் பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று கிளையில் கேளுங்கள், விடாவிட்டால் தனிக் கணக்கில் சேர்த்து ஒரேயடியாக மீளுங்கள். சங்கிலி வீட்டுக்கு வந்த பிறகும், ஆறு மாதக் கொப்பி நிரம்பிய பிறகும் அவருக்கு லப்டொப் தேவையென்று பட்டால் எனக்குத் திரும்ப எழுதுங்கள். அப்போது கொப்பியையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.