பழைய வேகன்ஆர், மைலேஜ் 12-க்கு இறங்கிவிட்டது. என்ன மாட்டினால் கூடும்?

எதையும் மாட்டாதீர்கள். வண்டியைப் பிடித்து இழுப்பது எது என்று முதலில் பாருங்கள்.

என்னுடையதும் 2009 வேகன்ஆர்தான். 16 கொடுத்துக்கொண்டிருந்தது, ஒரே வருடத்தில் 12-க்கு வந்தது. சிகரெட் லைட்டரில் செருகும் 'ஃப்யூவல் சேவர்' ஒன்று வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு எல்ஈடியும் அதை எரியவைக்கும் சில்லறைச் சாமான்களும்தான். 350 ரூபாய்க்கு ஒரு பச்சை விளக்கு!

வத்தலக்குண்டு பக்கம் டீ குடிக்க இறங்கியபோது இடது முன்சக்கரத்தில் கருகல் வாடை. கையை வீல் கிட்டே கொண்டுபோனால் அனல் அடிக்கிறது; வலது பக்கம் லேசான சூடுதான். ஊருக்கு வந்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் அரைச் சுற்றுகூடப் போகவில்லை. காலிபர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் பின் துருப்பிடித்து இறுகி, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைத்ததும் 14-ஐத் தாண்டியது.

மீதியைத் தின்றது தெர்மோஸ்டாட் இல்லாதது; இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. முன்பு ஒருமுறை வண்டி சூடாகிறது என்று போனபோது, நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று பட்டறையில் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு ஏறாது. இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக விடும். நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டியும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால் உங்களுக்கும் அதே கதையாக இருக்கலாம்.

டயருக்குக் காற்று, ஓட்டிச் சூடாகும் முன் பிடியுங்கள். அளவு டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்தால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிக்கப்தான் அடிவாங்கும், மைலேஜ் பெரிதாக மாறாது. அகல டயர் ஆசை இருந்தால் மைலேஜை மறந்துவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடுவதும் வீண்: கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோலே போகாது, நியூட்ரலில் ஐட்லிங்குக்குக் குடிக்கும். மலைப்பாதையில் ஆபத்து வேறு.

அந்த 12 எப்படி வந்தது, மீட்டரைப் பார்த்தா? ஒரே பங்க்கில், அதே பம்ப்பில், நாசில் தானாக நிற்கும்வரை இரண்டு முறை ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். ஏசி போட்டு ஓட்டினீர்களா என்பதையும் சேர்த்து.