எறும்புத்தின்னி செதில் மோதிரம் போட்டா மூலம் சரியாகுமா? மன்னார்குடி பக்கம் ஒருத்தர் விக்கிறாரு, வாங்கலாமா?

வேணாங்க. அந்த செதில் வெறும் கெரட்டின், நம்ம நகத்துல இருக்கிற அதே சரக்குதான், அதுல மூலம் போகும்னா உங்க நகத்தையே வெட்டிக் கட்டிக்கலாம், காசாவது மிச்சம். பாவம் அந்த ஜீவன், பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், சிறுத்தை கடிச்சாகூட ஓடு தாங்கிடும், ஆனா மனுஷன் அப்படியே தூக்கி சாக்குல போட்டுட்டுப் போயிடுறான், அதுவும் பெரும்பாலும் ஒரு ஈத்துக்கு ஒரே குட்டிதான் போடும், அப்புறம் எப்படி பெருகும்? சீனாக்காரனே 2020ல மருந்துப் பட்டியல்லேருந்து செதில தூக்கிட்டான் (அப்போ ரெடிமேட் மருந்துல மட்டும் விட்டு வச்சான், அது வேற கதை). இங்க எறும்புத்தின்னி 1972 வனவிலங்கு சட்டத்துல அட்டவணை 1ல இருக்கு, அதாவது ரொம்ப கடுமையான பாதுகாப்பு உள்ள பட்டியல், மாட்டினா குறைஞ்சது 3 வருஷம் ஜெயில், விக்கிறவருக்கு மட்டும் இல்ல, வாங்குற உங்களுக்கும்தான். அந்த ஆள பத்தி வனச்சரக ஆபீஸ்ல சொல்லிடுங்க. மூலத்துக்கு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில காட்டுங்க.