பிக்கப் முன்பக்கம் உதறுகிறதா? ஸ்டியரிங் பாக்ஸில் கை வைப்பதற்கு முன்

ஒட்டன்சத்திரத்திலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிற ஒரு வாசகரின் கேள்வி இது. பிக்கப் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்). பிரேக் மிதித்தாலும் உதறலில் வித்தியாசம் தெரியவில்லை. வேகம் 65ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கிறது, 80ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்குகிறது. போன மாதம் இரண்டு முறை, பாலத்து இணைப்பில் ஏறி இறங்கிய வேகத்தில் முன்பக்கம் மொத்தமும் தாறுமாறாக ஆடி, வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்திய பிறகுதான் நின்றது. வீல் பேலன்சிங் இரண்டு தடவை, அலைன்மெண்ட் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. பேலன்சிங் செய்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடி ஆட்டம். மெக்கானிக் இப்போது ஸ்டியரிங் பாக்ஸை (ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல் சக்கரப் பெட்டி) மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து வேலை செய்கின்றன: ஒன்று ஆட்டத்தைக் கிளப்புகிறது, இன்னொன்று அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தாமல் விட்டுவிடுகிறது. கிளப்புவது பெரும்பாலும் டயரும் ரிம்மும். பிடிக்காமல் விடுவது கிங்பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளை), டைராடு எண்டு (இரண்டு முன் சக்கரங்களையும் சேர்க்கும் கம்பியின் முனை மூட்டு), பேரிங், பட்டை புஷ் (பட்டையின் முனையில் உள்ள உறை) இதில் எங்கேயோ உள்ள தேய்மானம். பேலன்சிங் செய்யும்போது கிளப்புவது குறைகிறது, அதனால் ஒரு வாரம் நிம்மதி. லூஸ் அப்படியே இருப்பதால் டயரில் சின்னக் குறை வந்தாலே திரும்ப ஆடுகிறது.

அது ஏன் குறிப்பாக 65, 70இல் வருகிறது என்று பலரும் கேட்பார்கள். இந்த அளவு சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடும், ஆக 70 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் கனம் கூடிய சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை கொடுக்கிறது. ஆக்சிலும் பட்டையும் தாமாக ஆடக்கூடிய வேகமும் ஏறக்குறைய அதே கணக்கில் இருப்பதால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல ஆட்டம் பெருகுகிறது. வேகம் அதைத் தாண்டியதும் கணக்கு மாறி அடங்கிவிடுகிறது. ஆக, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகிற உதறல் என்றால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் அல்லது டிரம். ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடி, விட்டால் குறைந்து, ஸ்டியரிங்கை விட சீட்டிலும் தரையிலும் அதிர்வு தெரிந்தால் புரொபெல்லர் ஷாஃப்டின் (இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் மூட்டு அல்லது சென்டர் பேரிங். உங்களுக்கு பிரேக்கில் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உதறலும் ஸ்டியரிங்கில்தான் வருகிறது, அதனால் இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். முன் டயர் இரண்டையும் பின்னால் போட்டு, பின்னால் இருப்பதை முன்னால் போட்டு, காலி வண்டியாக அதே ரோட்டில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள் (நான்கும் ஒரே அளவாக இருந்தால் மட்டும்). ஸ்டியரிங்கில் வந்த உதறல் சீட்டுக்கு மாறினால் குறை டயரில் அல்லது ரிம்மில். எதுவுமே மாறவில்லை என்றால் சக்கரத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயருக்கு ஒட்டினாற்போல ஒரு குச்சியை அசையாமல் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் நெளிந்திருக்கிறது அல்லது டயர் உருண்டையாக இல்லை. பேலன்சிங் மெஷின் கனத்தைத்தான் சரிசெய்யும், கோணலைச் சரிசெய்யாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வண்டியில் கிங்பின், டைராடு எண்டு எல்லாம் மாற்றிய பிறகும் உதறல் போகாமல், கடைசியில் குச்சி வைத்துப் பார்த்தபோதுதான் டயருக்குள் கம்பி அடுக்கு பிரிந்து ஒரு இடத்தில் மெல்லிய வீக்கம் இருந்தது தெரிந்தது. அந்த டயர் மெஷினில் சரியாகத்தான் பேலன்ஸ் ஆகியிருந்தது. முன்னால் ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது) ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான், லோடு வண்டிக்கு முன்னால் அதைப் போடவே வேண்டாம். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், தோட்டத்துக்குள் போய் வருகிற வண்டிகளில் இது சாதாரணம்.

சரி, இப்போது முக்கியமான பகுதி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரத்தைக் கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் லூஸ் வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். (முன்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயிண்ட், பெரும்பாலும் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.) அடுத்து 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் டைராடு எண்டு லூஸ் தெரியும்.

ஆனால் டைராடு எண்டைத் தூக்கிய நிலையில் பார்ப்பதை விட, சக்கரம் தரையில் நிற்கும்போது பார்ப்பதுதான் நல்லது. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் அசைக்கட்டும், நீங்கள் கீழே ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைத்துப் பாருங்கள். பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்ம் (பாக்ஸோடு சேர்ந்து அசையும் கை), டிராக் லிங்க் (அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), டைராடு, இந்த வரிசையில் போங்கள். ஒரு துண்டு நகர்ந்தும் அதற்கு அடுத்தது நகரத் தாமதித்தால் அந்த ஜாயிண்ட்தான். பாக்ஸை சேஸிஸில் பிடிக்கும் போல்டுகள் லூஸாகி, பாக்ஸே அசைவதையும் பார்த்திருக்கிறேன், ஸ்பேனரோடு முடிகிற வேலை அது. பாக்ஸின் அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்குரூவை முறுக்கிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அளவுக்கு மேல் முறுக்கினால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, உள்ளே பற்களும் தேயும்.

உங்கள் பாலத்து ஆட்டத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கிங்பின் புஷ்ஷையும், பட்டையின் ஷேக்கிள் (பட்டை முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு) புஷ்ஷையும். முன் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இருக்கும் உங்கள் வண்டி போன்றவற்றில் இரண்டு சக்கரமும் டைராடால் கட்டப்பட்டிருப்பதால், ஒரு சக்கரம் திமிறினால் அடுத்ததையும் இழுக்கும், லூஸ் இருந்தால் அது அடங்காமல் தொடரும். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் இறுக்கமாக இருக்கிறதா, மெயின் பட்டை எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் சரிவுக்காக வைத்த ஆப்பு இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) புதிதாகப் போட்டால் அடங்கிவிடும் என்று ஒரு யோசனை வரும். அடங்கும்தான், ஆனால் உள்ளே தேய்மானம் மறைந்து கூடிக்கொண்டே போகும், டைராடு எண்டு கழன்றுவிட்டால் அந்தச் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. பட்டறைக்குப் போகும் வரை லோடு ஏற்றாதீர்கள். பின் ஆக்சிலுக்குப் பின்னால் கனம் விழுந்தால் முன்பக்கம் இலகுவாகி ஆட்டம் இன்னும் சுலபமாகக் கிளம்பும். வழியில் திரும்ப ஆட ஆரம்பித்தால் பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு வேகம் தானாகக் குறையட்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் லூஸை எடுங்கள், அப்புறம் டயர், பேலன்சிங், அலைன்மெண்ட் கடைசியில். டைராடு எண்டு மாற்றினால் அலைன்மெண்ட் கண்டிப்பாகத் திரும்பப் பார்க்க வேண்டும். கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி அடிக்கச் சொல்லுங்கள், கனம் தாங்கும் பக்கத்துக்கும் அப்போதுதான் கிரீஸ் போகும். வீல் நட்டை எதிரெதிராக, படிப்படியாக முறுக்க வேண்டும், ஒரே மூச்சில் ஏர் கன்னால் அடித்து அனுப்ப விடாதீர்கள், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி ஒரு முறை திரும்ப முறுக்கிக்கொள்ளுங்கள்.