சந்தா கட்டலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் எனக்கும் எதற்கெடுத்தாலும் சண்டை. இருவருக்கும் மனஅழுத்தம் என்று சொல்லிப் பள்ளியில் ஒரு தியானச் செயலியைப் பரிந்துரைக்கிறார்கள். ஆண்டுச் சந்தா கட்டலாமா?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: மகள், சண்டை, மனஅழுத்தம் எல்லாம் இருக்கட்டும். சந்தா என்று எழுதினீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். சந்தா முடிந்துவிட்டது என்று வாசகர்களுக்கு நாங்கள் கடிதம் போடுவோம். பதில் வராது. மறுபடி போடுவோம். “இதழ் முன்போல் இல்லை” என்று நான்கு பக்கத்துக்கு விமர்சனம் வரும், காசோலை வராது. சந்தாவை நிறுத்திவிட்ட அன்பர் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிரதியை இரவல் வாங்கிப் படித்து, மாதந்தோறும் ஒற்றுப்பிழைப் பட்டியல் அனுப்புகிறார். பட்டியல் சரியாகவே இருக்கிறது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

செயலிக்காரர்கள் கெஞ்சுவதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் இலவசம் என்பார்கள். நீங்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே கெடு கடந்து, ஓராண்டுத் தொகை தானாகக் கழிந்துவிடும். அப்படிக் கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தரவேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஆகவே கடன் சலுகை, மனை விற்பனைக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதைத் தேடிப் படியுங்கள். விழிப்புணர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இந்த வணிகத்தின் பெரும்புள்ளிகளில் ஒன்று ‘காம்’ (Calm) என்ற தியானச் செயலி. 2012-இல் அதைத் தொடங்கிய இருவரையும் பாருங்கள். ஒருவர் அலெக்ஸ் டியூ. 2005-இல் ஒரே ஒரு இணையப் பக்கத்தைப் பத்து லட்சம் புள்ளிகளாகப் பிரித்து, புள்ளிக்கு ஒரு டாலர் என்று விளம்பரத்துக்கு விற்ற இளைஞர். எங்கள் பின்னட்டையைப் பாதி விலைக்குக் கொடுக்கவே எனக்கு நாக்குத் தள்ளுகிறது. அவரைக் குருவாக ஏற்க நான் தயார், ஆனால் தியானத்துக்கு அல்ல. இன்னொருவர் மைக்கேல் ஆக்டன் ஸ்மித். குழந்தைகள் திரையில் குட்டிப் பூதங்களை வளர்க்கும் ‘மோஷி மான்ஸ்டர்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர். அந்தப் பூதங்களே பிற்பாடு ‘மோஷி’ என்ற செயலியில் குழந்தைகளுக்குத் தூக்கக் கதை சொல்ல வந்துவிட்டன. முதலில் விழித்திருக்க வைக்க ஒரு தொழில், பிறகு தூங்க வைக்க ஒரு தொழில்!

மூச்சைக் கவனிப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது, நாள்பட்ட வலியோடு வந்த பெரியவர்களுக்கான பல வாரத் தியானப் பயிற்சி. சொல்லித் தருபவர் எதிரில் இருந்தார். பள்ளிப் பிள்ளைகளிடம் அது எடுபடுமா என்று பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். செயலி அல்ல, ஆசிரியர்களே வகுப்பில் நடத்திய பாடம். பள்ளிகள் வழக்கமாக நடத்தும் சமூக, உணர்ச்சிப் பாடங்களைவிட அது மேலான பயன் எதுவும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. நடத்திய ஆசிரியர்களுக்குத்தான் அலுப்பு கொஞ்சம் குறைந்ததாம், அதுவும் சில காலத்துக்கு.

எனவே அம்மா, மகள் பெயரில் பணம் கட்டாதீர்கள். உங்களுக்கு வேண்டுமானால், ஆஸ்திரேலியாவில் லாப நோக்கமின்றி நடத்தும் ‘ஸ்மைலிங் மைண்ட்’ இலவசமாகவே இருக்கிறது. ஆங்கிலம் தடையில்லை என்றால் கேட்டுப் பாருங்கள்.

உறவினர் வீட்டில் ஒரு பையன் இப்படிப்பட்ட செயலியோடு படுத்திருந்ததைப் பார்த்தேன். “தோள்களைத் தளர்த்துங்கள்” என்றது குரல். அதே கைப்பேசியின் உச்சியில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து செய்தி இறங்கியது: நாளை கணக்குத் தேர்வு, மூன்று பாடங்கள். இரவு ஒன்பதே முக்கால். தோள் காது வரை ஏறிவிட்டது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்: மாலை ஆறு மணிக்கு மேல் அந்தக் குழுவில் யாரும் எதுவும் போடக்கூடாது. அதைப் படித்துத் தலைமையாசிரியருக்கு மனஅழுத்தம் உண்டானால், அவருக்குத் தெரிந்த செயலி ஒன்று இருக்கிறதே!