எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆவியழுத்தம் சராசரிக் கணக்கில் ஏன் சிக்குவதில்லை?

எரிபொருள் எவ்வளவு எளிதாக ஆவியாகும் என்பதைக் காட்டுவது ஆவியழுத்தம், 37.8 டிகிரி செல்சியஸில் அளப்பார்கள். பெட்ரோலுக்கு 60 கிலோபாஸ்கல், எத்தனாலுக்கு 16 என்றால், 10% கலவைக்குச் சராசரி 55.6 வரவேண்டும். அளந்தாலோ 67 பக்கம் நிற்கும்!

தனியாக இருக்கையில் எத்தனால் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். பெட்ரோலுக்குள் சிதறியதும், திருவிழாக் கூட்டத்தில் கைகோத்து வந்தவர்கள் பிரிந்துபோவதுபோல, பிடி விட்டு எளிதில் ஆவியாகும். இப்படி ஏறும் அழுத்தத்தை ஈடுகட்டத்தான் சுத்திகரிப்பு ஆலைகள், எத்தனால் சேர்க்கும் முன் அடிப்படைப் பெட்ரோலிலேயே, மிக எளிதில் ஆவியாகும் பியூட்டேனைக் குறைத்துவிடுகின்றன.

எத்தனால் இல்லாமல், ஹைட்ரோகார்பன்களை (பெட்ரோலில் உள்ள, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருட்களை) மட்டும் கலப்பதாக இருந்தால், ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் 1.25 அடுக்குக்கு உயர்த்தி, கன அளவு விகிதப்படி கூட்டி, திரும்ப 0.8 அடுக்குக்கு எடுத்தால் ஓரளவு சரியாக வரும். எத்தனாலுக்கு அதுவும் உதவாது. மாதிரி கலந்து அளப்பதே நம்பகமானது.

எத்தனால் கூடக்கூட அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும் என்பது தவறு: 10% அளவில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும்.