குடும்ப செடான் கார்களுக்கு மவுசு ஏன் குறைந்தது?

"குடும்பக் கார் என்றாலே செடான்தானே, இப்போது ஏன் எல்லோரும் எஸ்யூவி பக்கம் போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். செடான் என்றால் பின்னால் தனி டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்வான கார்; எஸ்யூவி என்றால் உயரமாக நிற்கும் வண்டி. மோகம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிக் காரணம்தான்.

அந்தக் கால எஸ்யூவி, லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டி. குலுங்கும், எரிபொருளைக் குடிக்கும். கார் அடித்தளத்திலேயே கட்டிய கிராஸ்ஓவர் வந்ததும் கதை மாறியது. டொயோட்டாவின் கேம்ரி செடானுக்கும் ஆர்ஏவி4 கிராஸ்ஓவருக்கும் அடித்தளம் ஒன்றுதான். ஓட்டும் சுகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கூடவே உயரமான இருக்கை. முட்டிவலி உள்ளவர்களையும் பின்சீட்டில் குழந்தையை உட்காரவைத்துப் பெல்ட் மாட்டுபவர்களையும் கேட்டுப்பாருங்கள், அந்த உயரத்தின் அருமை தெரியும். செடான் டிக்கி ஆழமாக இருந்தாலும் வாய் குறுகல்.

அப்புறம் லாபம். அதே அடித்தளம், கூடுதல் விலை, நிறுவனங்களுக்குக் கசக்குமா? ஃபோர்டு 2018-இல் வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தது. ஷெவர்லே மாலிபு செடானின் தயாரிப்பு 2024-இல் நின்றது. கடையில் செடானே இல்லையென்றால் வாங்குபவர் என்ன செய்வார்?

ஆனாலும் தாழ்வான வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பு குறைவு, எடையும் குறைவு, அதனால் எரிபொருள் மிச்சம். நெடுஞ்சாலையில்தான் அதிக ஓட்டம் என்றால், என் ஓட்டு இன்னும் செடானுக்கே.