செபிக்கும்போது மனம் அலைகிறது. வீட்டு வேலை, போன், பிள்ளைகளுக்கு நடுவில் கடவுளிடம் மனதை வைத்திருப்பது எப்படி?

கேட்பவர் என்னைப்போல் குசினிக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும் நடுவில் ஓடுகிற தாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தனியாக இருக்கும் பெடியன் என்றால் இதில் பாதிதான் உங்களுக்கு உதவும்.

போனை நிறுத்து, கதவைச் சாத்து, அமைதியான இடம் தேடு என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரியும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் அறை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் கிழக்கே தென்மராட்சிக்கு நடக்கத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. நாவற்குழிப் பாலத்தடியில் ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்து நிற்கவேண்டும். மழை வேறு. அம்மாவின் இடுப்பில் தம்பி, கையில் சாமான் பை. செபமாலை அந்தப் பையின் அடியில் எங்கேயோ கிடந்தது. பைப்பிடியோடு சேர்த்து விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார். "அருள் நிறைந்த மரியே வாழ்க... தம்பியின்ரை செருப்பு எங்கை?... கர்த்தர் உம்முடனே... பிள்ளை, என்ரை சீலையைப் பிடி." செபமும் அதட்டலும் ஒரே மூச்சில் வரும். செபமாலையில் பத்துப் பத்து மணியாகச் சொல்வோம்; எண்ணிக்கை தவறினால் அந்தப் பத்தை முதலிலிருந்து தொடங்கமாட்டார். விட்ட இடம் இதுதான் என்று தோன்றிய இடத்திலிருந்து போவார்.

பிறகு சாவகச்சேரியில் ஒருநாள், இப்படிச் சொன்னால் மாதா கேட்பாவா என்று கேட்டேன். "அவவும் கைக்குழந்தையோடை எகிப்துக்கு ஓடினவதானே, விளங்கும்" என்றார்.

இடப்பெயர்வையும் உங்கள் போனையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. உண்மையில் அன்று செபிப்பது சுலபம், பயமே ஆளைப் பிடித்து இருத்தும். பயமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம்தான் கஷ்டம். மூன்றாம் பத்தில் சீட்டுக் காசு ஞாபகம் வரும். நான் அதைத் துரத்துவதில்லை. "ஆண்டவரே, இந்த மாதச் சீட்டுக்கு ஒரு வழி காட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போகிறேன். மச்சாளோடு கோபம் என்றால் அந்த மணி மச்சாளுக்கு. இது தியானம் இல்லை, விண்ணப்பப் பட்டியல் என்பார்கள். இருக்கட்டும்.

லூக்கா நற்செய்தி 10ஐத் தூக்கிக்கொண்டு, இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையில் ஓடித்திரிந்த மார்த்தாவைக் காட்டவும் வேண்டாம். சமைத்ததற்காக ஆண்டவர் அவளைக் கண்டிக்கவில்லை, பலதையும் நினைத்துக் கலங்கியதைத்தான் சொன்னார். வேலை செபத்துக்கு எதிரி இல்லை. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்துக்குப் போய்ப் பாருங்கள். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகள் மௌனமும் செபமுமாக வாழ்பவர்கள். நாம் வாங்கிக் குடிக்கும் நெல்லிரசமும் அவர்களுடைய உழைப்புத்தான்.

சரி, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மனம் அலைவதாவது பரவாயில்லை, இப்போது கோயிலுக்குள்ளேயே அலைகிறது. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் போன முதல் நன்மைப் பூசையில் வீடியோக்காரர் பீடத்துக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நற்கருணை வாங்கிய ஒரு பிள்ளையை நிறுத்தி, படம் சரியில்லை, இன்னொருக்கா கையை நீட்டு என்றார். சுவாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வாங்கில் வந்து இருந்ததும் தாயிடம் கேட்ட முதல் கேள்வி, "வடிவா வந்ததா?" வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் பார்க்கவேண்டுமாம். நேரலை இல்லாவிட்டால் பூசை செல்லாது என்பதுபோல ஆகிவிட்டது.

அடுத்த வருசம் என் மகளுக்கு முதல் நன்மை. கமரா பூசை முடிந்த பிறகு, வெளியே மட்டும் என்று சொல்லிவிட்டேன். கனடாவில் இருக்கும் மச்சாள் அன்றிலிருந்து போன் எடுப்பதில்லை. அதனால்தான் இப்போது அடிக்கடி ஒரு மணி அவவுக்குப் போகிறது.